பதினொரு உச்சியும் ஒரு முழங்காலும்

எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே அவர் தரையைத் தட்டிவிடுவார். அதற்கென்றே சட்டைப் பையில் தேய்ந்துபோன ஒரு நாணயம் இருக்கும். குனிந்து, அதன் விளிம்பால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போவார். டக், டக், டக். திடீரென்று ஓரிடத்தில் ‘டொப்’ என்று கேட்கும். அவர் முகம் சுண்டிவிடும்.

“இதுக்கு அடியில கலவை சேரல. உள்ள காத்து நிக்குது,” என்பார், நோயாளியின் உறவினரிடம் டாக்டர் சொல்வதைப் போல.

“மேல பார்த்தா நல்லாத்தானே இருக்கு?”

“மேல நல்லாத்தான் இருக்கும். என்னைக்காவது ஒரு பாத்திரம் கை தவறி விழட்டும், அன்னைக்குத் தெரியும்.”

டைல்ஸ் போடுவது அவர் தொழில். குளியலறை, சமையலறை, கடை, ஆபீஸ் என்று அவர் முட்டி போடாத இடமே அந்த ஊரில் இல்லை. ஊரே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடும். அது அவர் எப்போதும் கையில் வைத்திருக்கும் கருவியின் பெயர். சின்னக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் திரவமும் ஒரு காற்றுக் குமிழும். தரையில் வைத்தால் குமிழ் நடுவில் வந்து நிற்க வேண்டும். நின்றால் தரை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். குமிழ் நடுவில் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அப்படியொரு கனிவு.

தான் போட்ட டைல் ஒன்று ‘டொப்’ என்றால், வீட்டுக்காரர் காலில் விழுந்து கேட்டாலும் விடமாட்டார். ஒரு முறை ஒரு கடைக்காரர் கெஞ்சினார். “அண்ணே, விடுங்க. அது மேல பெரிய அலமாரி வரப்போகுது. யார் பார்க்கப் போறா?”

“யாரும் பார்க்கமாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமே,” என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார். அந்த ஒரு டைலைப் பெயர்த்துத் திரும்பப் போட்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

அவர் மனைவியைக் கண்ணக்கா என்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, “இது தெரியுதா? இப்போ? இதுக்கும் அதுக்கும் எது தெளிவு?” என்று நாள் முழுக்கக் கேட்பது அவருடைய வேலை. அந்தக் கேள்வி வீட்டுக்கும் வந்துவிடும். “அடுப்பு மேல பால் பொங்குறது தெரியுதா? இப்போ தெரியுதா?” என்பார். ரசமட்டம் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“இவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே என் முகத்தைப் பார்க்கலடா. எங்க வீட்டு வராந்தாவைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னார்,” என்று தம்பியிடம் அடிக்கடி சொல்வார்.

“நல்ல வராந்தா அது,” என்பார் ரசமட்டம்.

அப்படித் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் மலையைப் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணமும் ஒரு தரைதான். மலையேறுகிறவர்களுக்கான ஷூ, கூடாரம், ஊன்றுகோல் எல்லாம் விற்கும் ஒரு கடைக்குத் தரை போடப் போயிருந்தார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. சிமெண்ட் படக்கூடாது என்று அதைக் கழற்றி எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அது நேர் எதிரே இருந்தது. மாகாணத்தின் பதினொரு மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

“இது என்னம்மா புள்ளி?” என்று கடையில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

“அந்தந்த மாவட்டத்துல அதுதான் ரொம்ப உயரமான இடம் அங்கிள். பதினொண்ணுலயும் ஏறி நிக்கணும். அதான் போட்டி.”

“யார்கூடப் போட்டி?”

“யார்கூடயும் இல்ல. நாமளே போக வேண்டியதுதான். வழிகாட்டி கிடையாது, தேதி கிடையாது. உச்சியில இருக்கிற மண்ணுல ரெண்டு காலும் படணும். அவ்வளவுதான் ரூல்.”

“பரிசு?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி, ஒருத்தன் ஏறாமலே ஏறிட்டேன்னு சொன்னா? யார் செக் பண்ணுவா?”

அந்தப் பெண் சிரித்தாள். “யாரும் பண்ணமாட்டாங்க. அவங்கவங்களேதான்.”

ரசமட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டார். இப்படியொரு போட்டி தனக்காகவே யாரோ யோசித்துச் செய்ததுபோல அவருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் கூலியோடு ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கண்ணக்கா ஷூவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “மாடிப்படி ஏறும்போதே முட்டி கடகடங்குது. மலையா?”

“படி வேற, மலை வேற.”

“ஆமா, மலை பெருசு.”

போக வர வண்டி வேண்டுமே! அதற்கு மாட்டியவன் கண்ணக்காவின் தம்பி. கூரியர் வேன் ஓட்டுகிறவன். ஊரில் உள்ள எந்தச் சந்து பொந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பான். ஆனால் அவன் மூளைக்கு மலை மட்டும் எட்டவே இல்லை.

“ஏன் மாமா, கதவு இல்ல, காலிங் பெல் இல்ல, கையெழுத்துப் போட ஆளும் இல்ல. இது ஒரு அட்ரஸா?”

“நீ வண்டிய மட்டும் ஓட்டு மச்சான்.”

முதல் புள்ளி மிகவும் தட்டையான மாவட்டத்தில் இருந்தது. மலை என்று நினைத்துக்கொண்டு போனால், ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பழைய டயர் கிடந்த மண்மேடு. வேனை விட்டு இறங்கி, மூச்சுக்கூட வாங்காமல் ஏறியாயிற்று. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாமா, ஆக்ஸிஜன் வேணுமா?” ரசமட்டம் மட்டும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கொடி வணக்கத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

இரண்டாவது, தட்டை மலை. பெயருக்கேற்ற மாதிரியே மேலே மேசைபோல அகலமாக இருக்கும். ஏறி முடிக்கும் இடத்தில் யாரோ எப்போதோ கற்களைப் பதித்து நல்ல தளம் ஒன்று போட்டிருந்தார்கள். எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், படம் எடுப்பார்கள். அன்று கண்ணக்கா வேனிலேயே தூங்கிவிட்டார். ரசமட்டமும் மச்சானும்தான் மேலே வந்தார்கள். ரசமட்டம் அந்தக் கல் தளத்தைக் கண்டதும் முட்டி போட்டுவிட்டார். கட்டையை எடுத்து வைத்தார். குமிழ் ஆடி ஆடி, நட்ட நடுவில் வந்து நின்றது.

“பார்த்தியா மச்சான்! மலை உச்சியில இப்படியொரு மட்டம்! இதப் போட்டவன் கையில முத்தம் கொடுக்கணும்.”

“உச்சி இதானே மாமா?”

“பின்ன? இதவிட என்ன வேணும்?” என்று சொல்லி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். சந்தோஷமாக இறங்கி வந்தார்கள்.

மூன்றாவது மலையில்தான் முட்டி தன் வேலையைக் காட்டியது. ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் யாரோ ஆணி அடிப்பதுபோல வலித்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வது என்று யோசித்தவர், தரை போடும்போது செய்வதையே செய்தார். டைல்ஸ் போடுகிறவர் அறையின் உள்மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்துதான் வாசலுக்கு வருவார். இல்லாவிட்டால் ஈரத் தரைக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். அதேபோல மலையைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக அடி வைத்தார். வலிக்கவில்லை! அப்படியே இறங்க ஆரம்பித்துவிட்டார்.

கீழேயிருந்து ஏறிவந்த ஒரு ஆள் திகைத்துப்போய் நின்றான். “சார், முன்னாடி ஒருத்தர் ஏறிட்டிருக்கார், அவரப் பிடிச்சிடலாம்னு வந்தேன். நான் நின்னா கூட நீங்க கிட்ட வந்துட்டே இருக்கீங்களே!”

ஆனால் முதுகில் கண் இல்லையே. மலையடிவாரத்தில் வழிப்பலகை ஒன்றின் மேல் சாய்ந்து, பலகையும் அவருமாகப் புல்லில் விழுந்தார்கள். வேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்ணக்கா இறங்கி வந்து, பலகையை நிமிர்த்திவைத்து, கணவரை நிமிர்த்திவைத்து, தன் செருப்பைக் கழற்றிப் பார்த்தார். “அடுத்த வாரம் எனக்கும் ஒரு ஷூ வாங்குங்க. பின்னால கண்ணு இல்லாத மனுஷனத் தனியா விடமுடியாது.”

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் மலையிறங்குவதைப் பார்க்கவே தனியாக ஆள் வரலாம். அவர் பின்பக்கமாக வருவார். அவருக்கு எதிரே, அவர் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தபடி கண்ணக்கா வருவார், லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற கிளீனரைப் போல.

“வரட்டும், வரட்டும். லெஃப்ட்ல ஒடிங்க. கல்லு இருக்கு. வரட்டும். ஹோல்ட்! மாடு போகட்டும். ம், வரலாம்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியது அந்த மலைகளில்தான். “இப்பவாவது என் முகம் தெரியுதா?” என்று கண்ணக்கா கேட்பார். “தெளிவாத் தெரியுது,” என்பார் அவர். மச்சான் இருவருக்கும் முன்னால் ஓடிவிடுவான், வெட்கம் தாங்காமல்.

இப்படியே மழையிலும் வெயிலிலும், மேகத்துக்குள்ளும், ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள்ளும் (அங்கே உச்சி என்பது மூன்றாவது வரிசையின் நடுவில் இருந்தது, தோட்டக்காரரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்) புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. முட்டியும் கூடவே தேய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்தார்.

“அதுக்கப்புறம் மலை ஏறலாமா டாக்டர்?”

“நடக்கலாம். படி ஏறலாம். மலையைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது.”

அதனால் மிச்சமிருந்த ஒன்றை, எல்லாவற்றிலும் உயரமான மலையை, அந்தப் புதனுக்கு முந்தின வாரம் ஏறினார்கள். அது நாள் முழுக்கப் பிடித்த மலை. மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. ரசமட்டம் உச்சியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். கண் கலங்கியது. காற்று என்று சொல்லிச் சமாளித்தார். மச்சான் மல்லாந்து படுத்துக்கொண்டு, “பதினொண்ணு! டெலிவரி முடிஞ்சுது! கையெழுத்துப் போடுங்கய்யா!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு பெண்மணி உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பேக்கரி வைத்திருப்பவராம். அவரும் அதே பதினொன்றைத்தான் ஏறிக்கொண்டிருந்தார். பையிலிருந்து பன் எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். மலை உச்சியில் சந்தித்தவர்கள் பேசிக்கொள்ள விஷயமா இல்லை? பெட்ரோல் பங்க்கைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். முட்டைக்கோஸைப் பற்றிப் பேசினார்கள்.

“எல்லாம் சரி,” என்றார் பேக்கரிக்காரம்மா, “அந்தத் தட்டை மலையிலதான் என் பேன்ட் போச்சு. என்னா முள்ளு!”

“முள்ளா?” என்றான் மச்சான். “நாங்க ஜம்முனு கல்லு மேல உக்காந்து சாப்பிட்டோமே?”

“அங்க எல்லாரும் உக்காருவாங்க தம்பி. ஆனா மேப்புல புள்ளி அங்க இல்லையே? எதிர்ல, கூப்பிடு தூரத்துல, புதருக்குள்ள ஒரு மேடு இருக்கு. அதுதான் உச்சின்னு நினைக்கிறேன். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. எதுக்கு வம்புன்னு நான் ரெண்டுலயும் நின்னுட்டு வந்துட்டேன்.”

ரசமட்டத்தின் கையில் பன் பாதியில் நின்றது. தட்டை மலையில் குமிழ் நடுவில் நின்றது அவருக்கு நினைவு வந்தது. மட்டமான இடத்தைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். வேறு யாராக இருந்தாலும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் குமிழை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

“ஐயோ, நான் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்றார் பேக்கரிக்காரம்மா, அவர் முகத்தைப் பார்த்து.

“இல்லம்மா. நீங்க சொன்னதுதான் நல்லது,” என்றார். அன்று இறங்கும்போது “வரட்டும், வரட்டும்” என்ற குரலைத் தவிர வேறு பேச்சே இல்லை.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. மச்சான் முன்கூட்டியே தெரு முழுக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தான். பச்சை மலைபோல ஒரு கேக், அதன் மேல் பதினொரு வெள்ளைச் சர்க்கரைக் கூம்பு என்று கடையில் சொல்லியாயிற்று.

“மச்சான், கேக் கடைக்குப் போன் பண்ணு. ஒரு கூம்ப எடுத்துடச் சொல்லு,” என்றார் ரசமட்டம்.

“மாமா! எல்லாருக்கும் பதினொண்ணுன்னு சொல்லிட்டேன். யார் மாமா எண்ணிப் பார்க்கப் போறா? மலை வரைக்கும் போனோம்ல? கூப்பிடு தூரத்துக்குப் போய் இவ்வளவு யோசிப்பாங்களா?”

“வீடு வரைக்கும் போயிட்டு, பக்கத்து வீட்ல பார்சலக் கொடுத்துட்டு வருவியா நீ?”

மச்சான் கேக் கடை நம்பரைத் தேடினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த நாள் காலையில் கண்ணக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். எட்டிப் பார்த்தால், அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஊன்றுகோலின் நுனியால் தான் போட்ட தரையையே தட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ‘டொப்’ என்கிற டைல் ஒன்றுகூட இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

கண்ணக்கா பையைக் கீழே வைத்தார். “எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவர் வருவார். லைசென்ஸ் வேணும் அவருக்கு. வெளிய காத்திருக்கும்போதே பலகையில இருக்கிற எழுத்தெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பார். நான் பலகையத் திருப்பிப் போட்டுட்டா முழிப்பார்.”

“இப்ப எதுக்கு அத சொல்ற?”

“பதினொண்ணுன்னு நீங்களும் ஒப்பிச்சிடலாம். முடியாது உங்களால. அதான் சொல்றேன்.” ஊன்றுகோலைப் பார்த்தார். “முட்டி தாங்குமா?”

“தட்டை மலை சின்னதுதானே.”

“சின்னதா பெருசான்னு கேக்கல. தாங்குமான்னு கேட்டேன்.”

“நீ கூட வந்தா தாங்கும்.”

“சனிக்கிழமை எனக்கு லீவு,” என்றார் கண்ணக்கா. “அன்னைக்கு நான் மட்டும் வேன்ல தூங்காம இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல.”

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ரசமட்டம் வேலைக்குக் கொண்டுபோகும் தடிமனான தோல் பையை முதுகில் மாட்டியிருந்தார். நிதானமாக ஏறினார்கள். கல் தளத்தில் வழக்கம்போல ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே பார்த்தால், ஆமாம், இருந்தது. ஆள் உயரத்துக்கு முட்புதர், அதற்கு நடுவில் முதுகுபோல ஒரு மேடு. இவ்வளவு பெரிய மேடு அன்று எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று ரசமட்டத்துக்கே புரியவில்லை.

“மச்சான், நீ இந்தத் தளத்துலயே நில்லு. அசையாத. போன கையில வெச்சுக்க.”

“நான் எதுக்கு மாமா?”

“அளவுகோல்.”

புதருக்குள் போக ஒரு ஒற்றையடித் தடம் இருந்தது, பேக்கரிக்காரம்மாவின் பேன்ட்டைப் பறித்த தடம்தான். முன்பக்கமாக நுழைந்தால் முகம் கிழிந்துவிடும். ரசமட்டம் ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார். முதுகில் இருந்த தோல் பையைக் கேடயமாக வைத்து, முள்ளை நெரித்துக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே போக ஆரம்பித்தார். அவர் நெரித்துக்கொடுத்த வழியில், முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணக்கா எதிரே வந்தார்.

“வரட்டும், வரட்டும். ரைட்ல கொஞ்சம். தலையக் குனிங்க. இன்னும் குனிங்க. மேடு ஏறுது, பார்த்து. வரட்டும்.”

“தெரியுதா?”

“எனக்குத் தெரியுது. நீங்க வாங்க. வரட்டும், வரட்டும்... ஹோல்ட்!”

ரசமட்டம் நின்றார்.

“வந்தாச்சுங்க,” என்றார் கண்ணக்கா. “இதுக்கு மேல மண்ணு இல்ல.”

அவர் மெதுவாகத் திரும்பினார். நாலு பக்கமும் சரிந்து இறங்கியது, முட்புதரும் கூடவே கீழே தங்கிவிட்டது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். பிறகு மடங்காத முட்டியைப் பக்கவாட்டில் நீட்டி, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, கட்டையை எடுத்து மேட்டின் தலையில் வைத்தார். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. திருப்பி வைத்தார். இன்னொரு பக்கமாக ஓடியது. எப்படி வைத்தாலும் நிற்கவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “நிக்கவே மாட்டேங்குது பாரு! மேட்டுல எப்படி நிக்கும்? நிக்கிற இடத்துல போய் உச்சியத் தேடியிருக்கேன் நான்!”

“சிரிச்சது போதும். அளங்க.”

கட்டையின் ஒரு முனைக்குக் கீழே கூழாங்கல் ஒன்றை வைத்தார். குமிழை நடுவில் நிறுத்துவது கண்ணக்காவின் பொறுப்பு. கட்டையின் மேல்விளிம்பு வழியாகத் தளத்தைப் பார்ப்பது அவர் பொறுப்பு. அந்த மட்டக்கோடு தளத்தில் நிற்கும் மச்சானின் உடம்பில் எங்கே போய்ப் படுகிறதோ, அந்த அளவுக்கு இந்த மேடு உயரம். அவன் காலுக்குக் கீழே போய்விட்டால், தளம்தான் உயரம்.

“நடுவுல இருக்கா?”

“கொஞ்சம் உங்க பக்கம். ம்... இப்போ. நட்ட நடுவுல.”

ரசமட்டம் ஒற்றைக் கண்ணை மூடினார். போனில் மச்சானிடம், “கையத் தலை மேல வை. மெதுவா கீழ இறக்கு. நான் சொல்ற இடத்துல நிறுத்து,” என்றார்.

தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் படம் எடுப்பதை விட்டுவிட்டு மச்சானைப் பார்க்க ஆரம்பித்தது. அவன் தலையைத் தொட்டான். கழுத்தைத் தொட்டான்.

“இங்கயா மாமா?”

“கீழ.”

நெஞ்சு. வயிறு. இடுப்பு. ஒவ்வொன்றுக்கும் “கீழ, கீழ” என்ற பதில் வர, ரசமட்டத்தின் குரல் கம்மிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போனால் தரை வந்துவிடும்.

“மாமா, இனிமே இறக்கினா நான் குனியணும்!”

“குனி!”

மச்சான் குனிந்தான். கை தொடையைத் தாண்டி இறங்கியது.

“நில்லு!” என்று ரசமட்டம் போட்ட சத்தத்துக்குப் போனே தேவைப்பட்டிருக்காது. “கண்ணக்கா, குமிழ்?”

மனைவியை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஊர் கூப்பிடுகிற பெயர் அவர் வாயிலும் வந்துவிட்டது.

“நடுவுல,” என்றார் கண்ணக்கா. “அசையல.”

“மச்சான், கை எங்க இருக்கு?”

“முழங்கால்ல மாமா!”

முழங்கால் உயரம். தளத்தைவிட மேடு முழங்கால் உயரம் கூடுதல். ரசமட்டம் மல்லாந்து திரும்பிப் படுத்து, கட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். “முழங்காலாம்! கேட்டியா? எல்லாத்தையும் விட்டுட்டு முழங்காலாம்!” கண்ணக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, புடவை முள்ளில் மாட்டியதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தார்.

அதற்குள் புதருக்குள் ஏதோ முறியும் சத்தம். “நான் மட்டும் பத்துலயே நிக்கணுமா? நானும் வரேன்!” என்று கத்திக்கொண்டு மச்சான் முன்பக்கமாகவே பாய்ந்து வந்தான். வந்து சேர்ந்தபோது அவன் கூரியர் யூனிஃபார்மில் ஒரு கை காணவில்லை. உச்சியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, முதல் வேலையாகப் போனை எடுத்தான்.

“ஹலோ, கேக் கடையா? ஒரு கூம்ப எடுக்கச் சொன்னேன்ல? அத மறுபடி வெச்சிடுங்க. இல்லங்க, உடையல. காணாமப் போச்சு, இப்ப கிடைச்சிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒவ்வொருவரிடமும் மச்சான் குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டிக் கதை சொன்னான். சொல்லச் சொல்ல முட்புதர் வளர்ந்துகொண்டே போய், சாயங்காலத்துக்குள் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பதினொன்றாவது கூம்பு கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை ரசமட்டம் வேறு யாருக்கும் தரவில்லை, தானே தின்றார்.

புதன்கிழமை ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. சில நாள் கழித்து, பயிற்சி கொடுக்கிற பெண் அவரை ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேலே நிறுத்தி, கம்பியைப் பிடிக்கச் சொல்லி, “மெதுவா இறங்குங்க பார்க்கலாம்,” என்றாள். அவர் படியை ஒரு முறை பார்த்தார். பிறகு கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பினார்.

“சார், சார்! அந்தப் பக்கம் இல்ல! முன்னாடி பார்த்து!”

அவர் காதில் விழவில்லை. அவர் மாடியில் நின்றுகொண்டிருந்த கண்ணக்காவைப் பார்த்தார். கண்ணக்கா கையிலிருந்த ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

“காலியாத்தான் இருக்கு,” என்றார். “வரட்டும், வரட்டும்.”